தாதன்குளத்துக்கு அடுத்த கட்டை

உள்ளறையில் கணவரின் குறட்டை சீராகிற வரைக்கும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சீரானதும் சங்கரவடிவு ஹாலுக்கு வந்து, சிந்தசைசரை மூடியிருந்த ஈரிழைத் துண்டை எடுத்து உதறி, அதே துண்டை அதே கட்டைகளின் மேல் மறுபடியும் விரித்து, அதற்கு அடியில் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முப்பத்தோரு வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறு எப்படிக் கற்றுக்கொள்வது என்று தெரியாது. எழுத்தைப் பார்த்து அடிக்கிறவன் கடைசிவரை எழுத்தைப் பார்த்துத்தான் அடிப்பான் என்று எத்தனை பிள்ளைகளின் விரல்கள் மேல் இதே மாதிரி துண்டைப் போட்டிருக்கிறாள். முதுகு வளையக் கூடாது, மணிக்கட்டு தொங்கக் கூடாது, அடித்த விரல் அடுத்த நொடி மேலே இருக்க வேண்டும். மணி இரண்டு முப்பத்தைந்து. நாலு மணிக்கு அவர் எழுந்துவிடுவார், நாலுக்கு மாத்திரை, நாலேகாலுக்குக் காபி, அதற்குள் ஒரு மணி நேரமும் இருபத்தைந்து நிமிஷமும் இருக்கிறது, பால் காய்ச்சியாயிற்றா, காய்ச்சியாயிற்று, அடுப்பை அணைத்தோமா, அணைத்தாயிற்று, இன்றைக்கு மாசி பதினேழு, அவர் படுக்கையில் விழுந்த ஆவணி பதினேழிலிருந்து எண்ணினால் இன்றோடு ஆறு மாசம் முடிகிறது. அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து எட்டுத் தடவையாவது நினைத்தாயிற்று. வலது சுட்டுவிரல் ஒரு கட்டையை அடித்துவிட்டு எகிறியது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காது. ரிப்பேர் ஒன்றும் இல்லை, இந்தப் பெட்டியின் குணமே அது. மகள் சுபா இதைப் பெங்களூரிலிருந்து சுமந்துகொண்டு வந்து வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி, ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு சாயங்கால ரயிலுக்கு ஓடிவிட்டாள். இது கீபோர்டு இல்லையாம். கீபோர்டு என்றால் பியானோ, புல்லாங்குழல் என்று எல்லாம் தயாராக இருக்குமாம், இதில் எதுவும் தயாராக இருக்காதாம், சத்தத்தையே நாம்தான் உண்டாக்க வேண்டுமாம். உண்டாக்குவதற்குப் பதினெட்டுத் திருகுகள். ஒரு சமயத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினால் பிந்தி அமுக்கினது மட்டும் பேசும். மறுநாள் வடிவு தனியாக உட்கார்ந்து, ஏ எஸ் டி எஃப் பழகுகிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாக் கட்டைகளையும் வரிசையாகத் தட்டினாள். ஒரு முனகல்கூட வரவில்லை. மத்தியானம் வரை தட்டிவிட்டு, ஊமைப் பெட்டியைத் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாளே என்று போன் போட்டால், அவள் சிரிக்கிறாள். "கைய எடுக்காதம்மா. அமுக்கிட்டே இரு. அந்தச் சத்தம் மெதுவாத்தான் எழும்பி வரும்." இடது ஓரத்து முதல் திருகுதான் காரணம். அதை இடப்பக்கம் வைத்தால் தொட்டதும் சத்தம் வரும். வலப்பக்கம் வைத்தால் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, மூன்று நொடியாவது கழித்துத்தான் முழுசாகும். சுபா அதை வலப்பக்கக் கோடியில் வைத்திருந்தாள். அன்றைக்கே வடிவு அதை இடப்பக்கம் திருப்பி ஒரு தட்டுத் தட்டினாள். பளாரென்று கன்னத்தில் அறைந்த மாதிரி ஸ்பீக்கர் கத்தியது. உள்ளே படுத்திருந்தவருக்கு உடம்பு தூக்கிப்போட்டு, இடது கை எதையோ பிடிக்க எழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். உடனே திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய், இனி தன் கையே அதன் பக்கம் போய்விடக் கூடாது என்று மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். ஹெட்போன் வயரை ஸ்பீக்கரில் செருகினால் வெளியே சத்தம் வராது என்பதையும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். ஆக, செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அமுக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பதினொரு நாளாக அந்த ஒன்றுதான் முடியவில்லை.

விரல் நிற்க மாட்டேன் என்கிறது. வை என்று மனசு சொல்கிறது, விரல் அதற்குள் எழுந்து அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கிறது. டைப்ரைட்டரில் அமுக்கிப் பிடித்தால் அடுத்த எழுத்து வந்து முட்டிக்கொண்டு இரண்டு கம்பியும் பின்னிக்கொள்ளும், அதனால் அடி, எடு, அடி, எடு என்று மேஜையில் ஸ்கேலால் தாளம் போட்டே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. விரலுக்கு மட்டுமா அந்த வியாதி. யாராவது ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடித்துக் கொடுக்கிறவள் அவள்தான். காய்கறிக்காரர் 'நாளைக்கு வந்து' என்றால் 'முருங்கைக்காய் வருமா, சரி' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு நடுமுதுகில் அரிக்கும். அப்படிப்பட்டவளிடம் போய், பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் மேலப்பாளையத்திலிருந்து வருகிற நஸ்ரின், அம்மா, அவர்கிட்ட எதையாவது கேட்டுட்டு நீங்க பதில் சொல்லக் கூடாது, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, என்று சொல்லிவிட்டுப் போகிறாள். எண்ணினாள். டைப்பிஸ்ட் எண்ணுகிற பத்து எவ்வளவு நேரம் இருக்கும். தண்ணி வேணுமா என்று கேட்டு, ஒண்ணு ரெண்டு மூணு என்று பத்தை எட்டி, அவர் உதடு அப்போதுதான் அசையத் தொடங்கியிருக்கும், இவள் தம்ளரை வாயில் வைத்திருப்பாள். நஸ்ரின் அதைப் பார்த்துவிட்டு நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டாள். சொல்லியிருந்தால் தேவலை. விரல் கட்டையில் இருக்கிறது, ஒண்ணு, இரண்டு, ஹெட்போனில் தூரத்து மோட்டார் மாதிரி ஏதோ எழும்புகிறது, மூ, போயிற்று, எடுத்துவிட்டாள்.

அவர் பேசுவது ஒரு வார்த்தைதான். 'நாளைக்கு.' பிரமநாயகத்துக்கு மூளையில் ரத்தக்கட்டு வந்து வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சு மொத்தமும் அடித்துக்கொண்டு போனதில் அந்த ஒன்று மட்டும் எப்படியோ கரை ஒதுங்கியிருந்தது. பசிக்கா என்றால் நாளைக்கு, வலிக்கா என்றால் நாளைக்கு, சுபா லைன்ல இருக்கா பேசுதீயளா என்றால் கண்ணெல்லாம் நிறைந்து நாளைக்கு. திருச்செந்தூர் தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னது அதைத்தானே அண்ணாச்சி, அது எங்கே போகும் என்று அவருடைய தம்பி வந்து சிரித்தார். அவரும் இடது பக்கத்து வாயால் சிரித்தார். சமையலறையில் நின்றுகொண்டு வடிவு மட்டும் அழுதாள். பாட்டுக்கு மூளையில் வேறு வழி இருக்கிறது, பேச்சு வராதவர்களுக்கும் சில சமயம் பாட்டில் வார்த்தை வரும், பாடிப் பாருங்கள் என்று நஸ்ரின்தான் சொன்னாள். வடிவு பாடினால் பெற்ற பிள்ளையே காதைப் பொத்திக்கொள்ளும். ஒரு நாள் துணிந்து முனகிப் பார்த்தாள், அவர் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போனில் சினிமாப் பாட்டு வைத்தாள், கேட்டார், கண்ணீர் வந்தது, உதடு அசைவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. அதுக்கு நிக்கத் தெரியாதும்மா, அவருக்காக நிக்கிற பாட்டு வேணும், அதுவும் அவர் வாயில ஊறின பாட்டா இருந்தா நல்லது, என்றாள் நஸ்ரின். அதைக் கேட்டுத்தான் சுபா இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னாள், முதல் ஆறு மாசத்தில் வருவதுதான் வேகமாக வரும், அப்புறமும் வரும், ஆனால் மெதுவாக வரும் என்று. வடிவு காதில் விழுந்தது ஆறு மாசம் மட்டும்தான். மீதி வாக்கியத்தை வழக்கம்போல அவளே முடித்துக்கொண்டாள். காலண்டரில் மாசி பதினேழைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டது யார் என்று கேட்டால் வேறு யார். ஆறு மாசத்துக்குள் வராவிட்டால் இனி வராது, இனி இந்த வீட்டில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை, கண்ணை மூடுகிற வரை நாளைக்கு, நாளைக்கு. மணி மூன்றேகால். குறட்டை கேட்கிறதா. ஹெட்போனைத் தூக்கிக் கேட்டாள். கேட்கிறது.

அவர் வாயில் ஊறின பாட்டு என்றால் ஒன்றுதான் உண்டு. அதைப் பாட்டு என்று சொன்னால் சங்கீதம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் உள்ள ஸ்டேஷன்களை ரயில் ஓடுகிற ஓட்டத்துக்கு அவரே ராகம் போட்டுப் பாடிக்கொண்டது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம். வேலைக்குப் போன காலமெல்லாம் காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பாடியிருக்கிறார், சுபாவைத் தொட்டிலில் போட்டு அதையே பாடியிருக்கிறார், குளிக்கும்போது பாடுவார், செருப்புக்குப் பாலிஷ் போடும்போது பாடுவார். தாதன்குளத்துக்கு அடுத்தது ஸ்ரீவைகுண்டம். ஆனால் அவர் ஸ்ரீவைகுண்டம் என்று பாட மாட்டார், 'வடிவு ஏறுத ஸ்டேஷன்' என்று பாடுவார். கல்யாணத்துக்கு முந்தி அவள் ஆறுமுகநேரி இன்ஸ்டிட்யூட்டுக்கு அந்த ரயிலில்தான் போய்வந்தாள், தன் பெட்டியில் அவள் ஏறின முதல் நாளே தன் அத்தையைப் பிடித்து ஜாதகத்துக்கு ஆள் அனுப்பிவிட்டதாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். கல்யாணமான பிற்பாடு ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே பாட்டு. தாதன்குளம் முடிந்து 'வடி' என்று வாயைத் திறக்கிறபோதே இவள் முழங்கையால் இடிப்பாள், சும்மா இருங்க, ஆளுக பாக்காங்க. அவர் சிரித்துக்கொண்டு நிறுத்திவிடுவார். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. வீட்டில் பார்க்க ஆள் இல்லாதபோதும் அடுப்படியிலிருந்து 'போதும் போதும்' என்று குரல் கொடுப்பாள், அவரும் அதற்காகவே அந்த இடத்தில் கொஞ்சம் சத்தமாகத் தொடங்குவார். முப்பத்துநாலு வருஷம். வார்த்தை என்ன என்று தெரியும், மெட்டு எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு தடவைகூட அந்த வரியை முழுக்கப் பாடவிட்டதில்லை.

இதைக் கண்டுபிடித்தது நேற்று. ஒன்பது நாள் துண்டுக்கு அடியில் துழாவித் துழாவி, இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து புடைத்திருக்கிற கறுப்புக் கட்டைகளை அடையாளம் வைத்து, தொடங்குகிற கட்டையின் மேல் ஒரு கடுகளவு மெழுகு ஒட்டி, திருநெல்வேலிக்கு நாலு கட்டை, பாளையங்கோட்டைக்குப் போய் ஒன்று ஏறி ஒன்று இறங்க வேண்டும், செய்துங்கநல்லூருக்கு ஒரே கட்டையில் குதிக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊராகப் பிடித்துத் தாதன்குளத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்து சேர்ந்த சந்தோஷத்தில் அடுத்ததற்குக் கையை நீட்டினால் அங்கே ஒன்றும் இல்லை. மனசுக்குள் அவர் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தாள். தாதன்குளம் வரை தெளிவாக வருகிறது, அதற்கப்புறம் அவளுடைய குரல்தான் கேட்கிறது, சும்மா இருங்க. சுபாவுக்குப் போன் போட்டாள். "எனக்கு எப்படிம்மா தெரியும், தாதன்குளத்துலயே நான் தூங்கிருவேனே" என்றாள் அவள். சொல்லிவிட்டு, 'அப்பா' என்று எதையோ தொடங்கிப் பாதியில் விட்டாள். இவளும் அந்த ஒரு தடவை அவளுடைய வாக்கியத்தை முடிக்கப் போகவில்லை. மேலே போகும் என்றுதான் வடிவுக்குத் தோன்றியது. கேலி பண்ணுகிற வரி, கேலி பண்ணும்போது குரல் மேலேதானே போகும். தாதன்குளத்துக்கு மேல் கட்டை, அதற்கும் மேல் கட்டை, கறுப்பு, வெள்ளை, எதைத் தட்டினாலும் அது வேறு யாரோ ஏறுகிற ஸ்டேஷனாக இருக்கிறது. தட்டினால் என்றா சொன்னாள், பார், இப்போதும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள், ஹெட்போன் மௌனமாக இருக்கிறது, இரண்டு நிமிஷமாக எதுவும் கேட்காமலே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள், கேட்காததே தெரியவில்லை. மூன்றரை. தெருவில் கோலமாவு விற்கிறவனின் மைக் போயிற்று. கழுத்தோரம் வேர்க்கிறது, ஃபேனைக் கூட்டி வைத்தால் துண்டு பறக்கும். பறக்கட்டும். வேண்டாம். நாலு மணி மாத்திரை வெள்ளையா, மஞ்சளா, மஞ்சள் காலைக்கு.

மௌனம் என்றதும் அது வந்துவிட்டது. வராமல் இருக்குமா, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் குளியலறை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அன்றைக்குக் காலை அவர் உள்ளே குளித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். முந்தின நாள் கல்யாணவீட்டுச் சாம்பார் ஆறிப்போயிருந்ததைப் பற்றி, பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூன்று தடவை அப்பளம் கேட்டதைப் பற்றி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி. பேச்சு தீர்ந்ததும் பாட்டு. இங்கே போனில் கேஸ் ஏஜென்சிக்காரி ஒரு நம்பரைச் சொல்கிறாள், இவள் மூன்று தடவை என்ன என்ன என்று கேட்டும் விளங்கவில்லை, திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாலு, ஏழா ஒன்றா, செய்துங்கநல்லூர். போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள். "ஒரு நாளாவது செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டீயளா." பாட்டு நின்றுவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாரே என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. நம்பரை எழுதிக்கொண்டாள், வீடு அமைதியாக இருந்தது, அந்த அமைதியில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தாள், நன்றாக இருந்தது, காபி நன்றாக இருந்தது என்பதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் தண்ணீர் விழுகிற சத்தம் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருக்கிறதே என்று போய்க் கதவைத் தட்டினாள். எத்தனை நிமிஷம். பன்னிரண்டு. அவள் கணக்குப் பார்த்துவிட்டாள், போனில் பேசி முடித்த நேரம் இருக்கிறது, ஆம்புலன்ஸுக்குப் பேசின நேரம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எப்போது பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது உடனே பார்த்துவிட்டேன் என்றாள். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று அவர் சொன்னார். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் எத்தனை வார்த்தை செத்திருக்கும், அவள் பெயர் எத்தனையாவது நிமிஷத்தில் போயிருக்கும், தண்ணீருக்கு அடியில் கிடந்து அவர் கூப்பிட்டாரா, கூப்பிட வாய் வரவில்லையா, வாயை மூடச் சொன்னாளே என்று மூடிக்கொண்டாரா. இல்லை, அப்படியெல்லாம் இல்லை, அது ரத்தக்கட்டு, அவள் சொன்னதால் வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய. விழுவதற்கு முந்தி அவர் கேட்ட கடைசி வார்த்தை அவளுடையது, அவர் கேட்டு நடந்த கடைசிப் பேச்சும் அதுதான்.

மூன்று ஐம்பது. ஹெட்போனுக்கு வெளியே என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டாள். குறட்டை நின்றிருந்தது. எழுந்துவிட்டாரா, பத்து நிமிஷம் முந்தியே எழுந்துவிட்டாரா, இனி மாத்திரை, காபி, துடைத்துவிட வேண்டும், நஸ்ரின் கொடுத்த படங்களைக் காட்டி மாடு, மரம், குடை என்று கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 'நாளைக்கு' என்பதையே கேட்க வேண்டும், அப்புறம் இருட்டிவிடும், மாசி பதினேழு முடிந்துவிடும். உள்ளறைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருப்பார், அதைப் பார்த்துவிட்டால் எழுந்து போகத்தான் வேண்டும். திரும்பவில்லை. ஸ்பீக்கரில் செருகியிருந்த ஹெட்போன் வயரைப் பிடித்து இழுத்தாள், பொட்டென்று வந்துவிட்டது. ஒரு தடவை, ஒரே தடவை வெளியே வாசித்துவிட்டு எழுந்துவிடலாம், தாதன்குளம் வரையாவது கேட்கட்டும், அரைகுறைப் பாட்டானாலும் அவருடைய பாட்டு. மெழுகை விரல் தேடிப் பிடித்தது. திரு, ஒண்ணு, இரண்டு, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும்போதே விரல் நழுவியது, நெல், பாதி எழும்பிப் படுத்தது, வே, லி. கேட்பதற்கு ரயில் மாதிரி இல்லை, விக்கல் மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கட்டை தவறி விழுந்து திருத்திக்கொண்டாள். செய்துங்கநல்லூரைத் தாண்டினாள். தாதன், குளம் என்று அந்தக் கட்டைக்கு வந்தாள்.

அடுத்த கட்டை எது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் விரல் எழுந்து ஓடியிருக்கும், தெரியாததால் போக்கிடம் இல்லாமல் அங்கேயே அமுங்கிக் கிடந்தது. மேலேயா, இன்னும் ஒன்று மேலேயா, கறுப்பா என்று மனசுதான் அலைந்தது. அதற்குள் சத்தம் எழும்பத் தொடங்கியிருந்தது. அடியிலிருந்து கசிந்து, தரையோடு தரையாக வந்து, நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, மூன்று நொடி கழித்து அவள் இதுவரை ஒரு நாளும் கேட்டிராத அளவுக்கு முழுசாக நின்றது. இவ்வளவு பெரிய சத்தமா இதற்குள் இருந்தது. கனமாக, கரகரப்பில்லாமல், ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்கிற மாதிரி. எடுக்கலாமா. எடுத்தால் எங்கே போவது. விரல் நோவெடுத்தது, இருந்தாள், எண்ணாமல் இருந்தாள், எண்ண மறந்துவிட்டாள் என்பதுதான் சரி. அப்போது அந்தச் சத்தத்துக்குள்ளேயே இன்னொரு சத்தம் இருப்பது போலப் பட்டது. திருகு ஏதாவது அசைந்துவிட்டதோ என்று நினைத்தாள். திருகு இல்லை. மூக்கால் முனகுகிற சத்தம், பின்னாலிருந்து வருகிறது, இந்தக் கட்டையின் மேலேயே வந்து உட்காரப் பார்த்துச் சறுக்கி, மறுபடியும் ஏறி, உட்கார்ந்துவிட்டது. "ங்ங்... ளம்" என்றது.

எழுந்து ஓட வேண்டும், இன்னொரு தடவை சொல்லுங்க, தாதன்குளம், சொல்லுங்க, தா, என்று அவர் வாயில் எடுத்து வைக்க வேண்டும் என்று நாக்கு முன்னால் வந்துவிட்டது. பல்லால் கடித்துக்கொண்டாள். அவளால் ஆகக்கூடிய காரியம் இப்போது இந்த விரலை எடுக்காமல் இருப்பது மட்டும்தான், அதையாவது செய்து தொலை என்று தன்னையே வைதுகொண்டாள். சத்தம் நின்றுகொண்டே இருந்தது. பின்னால் மூச்சு வாங்குகிறது, கட்டில் சட்டம் முனகுகிறது, உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம், இல்லை, வரவில்லை, மறுபடியும் ஒட்டிப் பிரிகிற சத்தம். ஆறு மாசம், ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. "வ" என்றது. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவர் மாதிரி பெரிய மூச்சொன்றை இழுத்துக்கொண்டது. "வடி... வூ... ஏ... றுத..."

மேலே போகவில்லை. பாட்டு கீழே இறங்கியது. இரண்டு நாளாக அவள் மேலே மேலே தேடிக்கொண்டிருந்தாளே, அது படியில் பார்த்து இறங்கி வருகிறவரைப் போல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்றாகக் கீழே இறங்கி, அவள் பெயரில் தணிந்து குழைந்தது. கேலி இல்லை அதில். கேலியாகவே இருந்ததில்லை. ஒரு ஊரே பார்க்கச் சத்தம் போட்டுத் தொடங்கினவர் அந்த வரியை இவ்வளவு மெதுவாகவா முடித்துக்கொண்டிருந்திருக்கிறார், முழங்கையால் இடிக்காமல் இருந்திருந்தால், அடுப்படியிலிருந்து கத்தாமல் இருந்திருந்தால், ரயிலில் என்றைக்கோ இது காதில் விழுந்திருக்கும். கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, துடைக்கத் தோன்றவில்லை. அவர் 'றுத' என்பதிலேயே நின்றுகொண்டிருந்தார், 'அ' என்று இழுத்துக்கொண்டு, அடுத்ததற்கு நகராமல், குரல் நடுங்க, மூச்சுக் குறையக் குறைய. ஏன் நிற்கிறார் என்று ஒரு நொடி அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இவளுடைய கட்டை இன்னும் தாதன்குளத்திலேயே நிற்கிறது. அவள் வந்து சேருவதற்காக நிற்கிறார்.

துண்டைப் பிடித்து இழுத்துத் தரையில் எறிந்தாள். மெழுகு ஒட்டின கட்டை, அவள் விரல் இருக்கிற கட்டை, அதற்குக் கீழே வரிசையாக வெள்ளையும் கறுப்புமாக மீதிக் கட்டைகள், எல்லாவற்றையும் குனிந்து, முதுகு வளைந்து, கண்ணால் பார்த்தாள். இடது கை கீழே துழாவிக்கொண்டு போயிற்று. அவர் குரல் தேய்ந்து அறுகிற இடத்துக்கு வந்துவிட்டது, மூச்சு போதவில்லை, இன்னும் ஒரு நொடிதான்.

"நிறுத்திராதீய," என்று உள்ளறைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "பாடுங்க. இந்தா வந்துட்டேன்."